கட்டுண்ட ஓவியங்கள்: கெடாத் தோட்டப்புறத்தில் ‘பொன்னியின் செல்வன்’ கட்டுப் பிரதியும் கடாரம் பற்றிய வரலாற்றுணர்வும்

முன்னுரை

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே அமைந்துள்ள சிற்றூர் திகாம் பத்து. அதனை அடுத்த தோட்டமொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் இல்லத்தில், கெட்டி அட்டையிட்டுத் துணி முதுகு ஒட்டிய தடித்த நூலொன்றை இக்கட்டுரையாளர் காண நேர்ந்தது. அதன் முகப்பில் நூற்பெயர் இல்லை. பதிப்பகத்தின் பெயரும் இல்லை. உள்ளே இருந்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. வார இதழிலிருந்து பிரித்தெடுத்த பக்கங்களை வரிசைப்படுத்தித் தைத்து, அட்டையிட்டு உருவாக்கிய நூல் அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஓவியர் மணியத்தின் படம் இருந்தது.

இவ்வாறு வாசகரே கட்டுவித்துக்கொண்ட நூலை இக்கட்டுரை ‘கட்டுப் பிரதி’ எனக் குறிப்பிடும். தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் இத்தகைய பிரதிகளைப் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை. முதற்பதிப்பு எது, பதிப்பித்தவர் யார், எத்தனை பதிப்புகள் வந்தன என்பனவே அவற்றின் வினாக்கள். ஆயினும் கெடாத் தோட்டப்புற மக்கள் சோழர் காலத்தை எவ்வாறு மனக்கண்ணில் கண்டனர் என்பதை அறிய விரும்புவோருக்கு, அச்சிட்ட பதிப்புகளைவிடக் கட்டுப் பிரதியே முதன்மையான சான்றாகும். அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றாகாது என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரும் நூலும்

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 இல் நிறைவுற்றது. ‘புது வெள்ளம்’ முதல் ‘தியாகச் சிகரம்’ வரை ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்டது. நிறைவுற்ற அதே 1954 இன் டிசம்பர் 5 ஆம் நாள் கல்கி மறைந்தார். இத்தொடருக்கு வாரந்தோறும் படம் வரைந்தவர் மணியம் என்னும் டி.யு. சுப்பிரமணியம் (1924–1968).

இங்கு ஓர் அடிப்படை உண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இப்புதினம் எழுத்தாகப் பிறந்து பின்னர்ப் படம் பெற்றதன்று. எழுத்தும் படமும் ஒரே வாரத்தில், ஒரே தாளில் பிறந்தன. முதல் வாசகர் எவரும் படமின்றி வந்தியத்தேவனைச் சந்திக்கவில்லை. வீரநாராயண ஏரிக்கரையில் அவன் குதிரைமீது வருவதைப் படித்த கண், அதே பக்கத்தில் அவனைக் கண்டும் விட்டது.

உலக இலக்கியத்தில் இதற்கு ஒப்பும் உண்டு, உறழ்வும் உண்டு. 1836 இல் தொடங்கிய டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதப் பகுதிகளாகப் படத்துடன் வெளிவந்தது. வாசகர்கள் அப்பகுதிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டனர். பின்னர்ப் பதிப்பகம் வெளியிட்ட நூலிலும் அப்படங்கள் இடம்பெற்றன. தொடரிலிருந்து நூலுக்கு மாறும்போது எழுத்தும் படமும் அங்குப் பிரியவில்லை.

‘பொன்னியின் செல்வன்’ நிறைவெய்திய அதே 1954 இல் இங்கிலாந்தில் டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ வெளிவரத் தொடங்கியது. கற்பனைக் காவியப் புதினம் என்னும் வகைக்கே அது இன்று முன்மாதிரி. நிலப்படம், எழுத்துருக்கள் போன்ற சிலவற்றைத் தவிர அது படமற்ற நூலாகவே உலவியது. விந்தைக் கதைகளுக்குப் படம் பெரிதும் நன்மை செய்வதில்லை என்னும் கருத்தைத் தம் கட்டுரையொன்றில் டோல்கீனே தெரிவித்துள்ளார். ஆலன் லீ வரைந்த 50 நீர்வண்ண ஓவியங்களுடன் கெட்டி அட்டைப் பதிப்பு 1991 இல்தான் வந்தது. டோல்கீனே வரைந்த படங்களைச் சேர்த்த பதிப்பு 2021 இல் வந்தது. அங்கு எழுத்து முதலில் நிலைபெற்றது. படம் ஒரு தலைமுறைக்குப் பின்னர் வந்து சேர்ந்தது.

தமிழில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. படத்துடன் பிறந்த புதினம் நூலாகப் பரவியபோது பெருமளவுக்குப் படத்தை இழந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர்ப் பல பதிப்பகங்கள் அதனை மலிவு விலையில் வெளியிட்டன. அவற்றுள் பலவற்றில் படம் அட்டையோடு நின்றுவிட்டது. பின்னாளில் விகடன் பிரசுரம் மணியத்தின் ஓவியங்களுடன் ஐந்து பாகங்களையும் வெளியிட்டது. அதனைப் புதிய அணிகலன் எனக் கருதுவோர் உளர். உண்மையில் அது அணிகலன் அன்று. இழந்த உறுப்பை மீட்டுப் பொருத்தும் முயற்சியே ஆகும். இடைப்பட்ட காலத்தில் அவ்வுறுப்பைக் காத்தவர்கள் இதழ்ப் பக்கங்களைக் கட்டி வைத்த வாசகர்களே. திகாம் பத்துவில் கண்ட கட்டுப் பிரதியின் முதற்சிறப்பு இதுவாகும்.

ஓவியர் கொண்ட சான்றுகள்

டோல்கீனின் உலகம் முற்றிலும் புனைவு. அதனை வரையும் ஓவியர் ஆசிரியரின் சொல்லுக்கு மாறுபடக்கூடும்; வரலாற்றுக்கு மாறுபட வழியில்லை. ‘பொன்னியின் செல்வன்’ அத்தகையதன்று. அது கல்வெட்டையும் செப்பேட்டையும் அடித்தளமாகக் கொண்டு எழுப்பிய கற்பனை மாளிகை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டமை, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டால் உறுதிப்படுகிறது; கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களும் அதில் உள்ளன. அநிருத்த பிரமராயரை அன்பிற் செப்பேட்டால் அறிகிறோம். வல்லவரையர் வந்தியதேவர் குந்தவையின் கணவர் எனத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. நந்தினியோ கல்கியின் படைப்பு. கதையை இயக்கும் பெண் கற்பனை. அவளைச் சூழ்ந்து நிற்போர் பலர் வரலாற்று மாந்தர்.

எழுத்தில் இவ்வேறுபாட்டைச் சுட்ட இயலும். கல்கியே அடிக்குறிப்புகளிலும் முடிவுரையிலும் அதனைச் செய்துள்ளார். படத்திற்கு அடிக்குறிப்பு இல்லை. மணியத்தின் கோடுகளில் குந்தவையும் நந்தினியும் ஒரே அளவில் மெய்யானவர்கள். ஒரே தூரிகையால், ஒரே உறுதியுடன் வரையப்பட்டவர்கள். படத்தின் ஆற்றலும் அதன் இடரும் இதிலேயே அடங்கியுள்ளன.

இதனால் மணியம் மனம்போன போக்கில் வரைந்தார் என்பது பொருளன்று. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், கல்கியுடன் வரலாற்றுத் தலங்களுக்குச் சென்று சிற்பங்களையும் கட்டடங்களையும் நேரிற் கண்டு வரைந்தவர். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களும் ஆடை, அணி, முடி ஆகியவற்றுக்குச் சான்றளித்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931 இல் கண்டறிந்தார். புதினம் எழுதப்பட்ட காலத்தில் அக்கண்டுபிடிப்புக்கு இருபது ஆண்டே நிறைந்திருந்தது.

ஆயினும் சிற்பம் காட்டுவது பெரும்பாலும் தெய்வ வடிவம். அரண்மனையின் உட்புறம், படகோட்டியின் உடை, கலங்கரை விளக்கம், கடற்கலத்தின் அமைப்பு ஆகியவற்றிற்கு அத்தகைய சான்று அரிது. சோழர் போர்க்கலம் ஒன்றேனும் முழுமையாக நமக்குக் கிடைத்திலது. சான்று நின்ற இடத்திலிருந்து கற்பனை தொடர்ந்தது. ஆனால் எவ்விடத்தில் நின்றது என்பதைப் படம் காட்டாது. ஆகவே மணியத்தின் ஓவியம் பத்தாம் நூற்றாண்டிற்குச் சான்றாகாது. விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், தம் தொன்மையை நிமிர்ந்து நோக்க விரும்பிய 1950 களின் தமிழுலகத்திற்கு அது மிகச் சிறந்த சான்றாகும்.

கட்டுப் பிரதி சொல்லும் செய்திகள்

மேற்குறித்த பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகையில் அச்சுப் பதிப்பில் காணவியலாத செய்திகள் பல புலனாயின. முதலாவதாக, அது முழுமையானதன்று. இடையிடையே சில வாரங்கள் விடுபட்டுள்ளன. விடுபட்ட இடத்தில் வெறுந்தாள் வைத்துத் தைத்து, அவ்வத்தியாயத்தின் கதைச் சுருக்கத்தை மையினால் எழுதியுள்ளனர். பிறரிடம் இரவல் பெற்றோ, படித்தவர் வாய்மொழியாகக் கேட்டோ எழுதியிருத்தல் கூடும். கையெழுத்து ஒன்றன்று, இரண்டு வேறுபட்ட கைகள் தெரிகின்றன.

இவ்விடைவெளிகளைப் புரிந்துகொள்ள அக்காலக் கடல்வழியை நோக்குதல் தகும். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற காலம் அது. தமிழகத்து இதழ்களும் கப்பலிலேயே வந்தன. பினாங்கில் இறங்கிய இதழ் தோட்டத்து லயத்தைச் சேரும்போது தேதி பழையதாகியிருக்கும்; சில வாரங்கள் வந்து சேராமலும் போயிருக்கலாம். சோழர் கலங்களும் வணிகக் குழுக்களும் கடந்த அதே வங்கக் கடலைக் கடந்து, சோழர் கதை தவணை முறையில் கடாரத்திற்கு வந்தது எனலாம்.

இரண்டாவதாக, கட்டுநர் ஓரங்களைச் சீராக வெட்டியபோது எழுத்தின் விளிம்பு சில இடங்களில் பறிபோயுள்ளது; படம் ஓரிடத்திலும் வெட்டுப்படவில்லை. படமுள்ள தாள்களை மட்டும் உள்நோக்கித் தள்ளித் தைத்துள்ளனர். எழுத்தைவிடப் படம் காக்கத்தக்கது எனக் கட்டச் சொன்னவரோ கட்டியவரோ கருதியமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, தாளின் மறுபக்கங்களில் விளம்பரங்களும் துணுக்குகளும் அப்படியே உள்ளன. அச்சுப் பதிப்பு புதினத்தை அதன் காலத்திலிருந்து பிரித்தெடுத்துத் தருகிறது. கட்டுப் பிரதியோ காலத்தோடு சேர்த்துத் தருகிறது. இறுதியாக, பக்கங்களின் கீழ்முனைகள் விரல் பட்டுப் பட்டுக் கருத்துள்ளன. இது ஒருவர் படித்த நூலன்று. மாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதோரும் சூழ்ந்திருந்து கேட்டனர் என அதனை வைத்திருந்த பெரியவர் கூறினார். கேட்டவர்க்கு எழுத்து ஒலியாகக் கிடைத்தது. கண்ணுக்குக் கிடைத்தது படம் ஒன்றே. தோட்டப்புறத்தில் பலர் இப்புதினத்தைப் ‘படித்தது’ இவ்வாறுதான்.

கடாரம்: படத்திலும் மண்ணிலும்

‘பொன்னியின் செல்வன்’ கதை இராசராசன் முடிசூடுவதற்கு முற்பட்டது. கடாரப் படையெடுப்போ இராசேந்திரன் காலத்து, கி.பி. 1025 ஐச் சார்ந்த நிகழ்ச்சி. எனினும் கல்கி இட்ட பாதையில் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராசேந்திரனின் கதையைச் சொன்னது. 1963 இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. சாண்டில்யனின் ‘கடல் புறா’ குமுதத்தில் ஓவியர் லதாவின் படங்களுடன் வெளிவந்து, வாசகரைக் கலிங்கத்திலிருந்து சீவிசயக் கடற்பரப்பிற்கே கொண்டுவந்தது. இம்மூன்றையும் படித்த கெடாத் தமிழர், தாம் பால்மரம் வெட்டும் மண்ணே கடாரம் என்னும் உணர்வைப் பெற்றனர். கூலியாகக் கொண்டுவரப்பட்டோம் என்னும் தாழ்வுணர்வுக்கு எதிராக, முன்பே வந்தவர்கள் நாம் என்னும் நிமிர்வை இவ்வுணர்வு தந்தது. அதன் மதிப்பை எவரும் குறைத்துரைத்தல் ஆகாது.

ஆயினும் அவ்வுணர்வு எத்தகைய கடாரத்தைக் கண்டது? பாய் விரித்த போர்க்கலங்களும் மதில் சூழ்ந்த மாநகரும் வெற்றி வேந்தனும் கொண்ட கடாரத்தை. சான்றுகள் காட்டும் கடாரம் அதனினும் விரிந்தது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்திற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என உரை கண்டார். அங்கு அது பொருள் வந்த நாடு, பகைவர் நாடன்று. ஆனைமங்கலச் செப்பேடு, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணிவர்ம விகாரத்திற்கு இராசராசன் ஊர் அளித்ததைக் கூறுகிறது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதையும், சீவிசயம் முதல் கடாரம் வரை பல இடங்களைக் கைக்கொண்டதையும் பட்டியலிடுகிறது. கி.பி. 1090 ஐச் சேர்ந்த சிறிய லெய்டன் செப்பேட்டில் கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து வேண்டுகின்றனர். போர் இதில் ஒரு கண்ணி. வணிகமும் சமயமும் தூதும் ஏனைய கண்ணிகள். போர் படத்திற்கு ஏற்றது. செப்பேட்டில் எழுதிய வரிவிலக்கு படத்திற்கு ஏற்றதன்று. எனவே மனத்தில் நின்றது போர்.

மண் காட்டும் கடாரமோ மேலும் வேறானது. திகாம் பத்துவிற்கு வடமேற்கே, குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் ஆற்றைச் சூழ்ந்து பூஜாங் பள்ளத்தாக்கு விரிகிறது. 1936–37 இல் குவாரிட்ச் வேல்ஸ் இணையர் அங்கு அகழ்ந்தனர். புக்கிட் பத்து பகாட் சண்டியை அலஸ்டர் லாம் 1960 இல் மீட்டமைத்தார். 1980 இல் மெர்போக்கில் தொல்லியல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறை அமைப்புகளும் வெளிப்பட்டன. இவற்றை நேரிற் காண்போர்க்கு முதலில் ஏமாற்றமே தோன்றும். கருங்கல், செம்பாறை, செங்கல் ஆகியவற்றாலான தாழ்ந்த அடித்தளங்களே எஞ்சியுள்ளன; மரத்தாலான மேற்கட்டு அழிந்துவிட்டது. தஞ்சை விமானத்தைப் படத்தில் கண்டு பழகிய கண் அவ்வடித்தளத்தைக் கோயில் என ஏற்கத் தயங்குகிறது.

இத்தயக்கத்தின் விலை சிறிதன்று. 2013 ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்துவில் 11 ஆம் எண் சண்டியின் எச்சம், வீடமைப்புத் திட்டத்திற்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டிருந்தமை வெளிவந்தது. ஆயிரமாண்டுப் பழைமையுடையதாக மதிப்பிடப்பட்ட இடம் அது. தனியார் நிலம், மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்படாதது என்பதே அன்று தரப்பட்ட விளக்கம். நாடெங்கும் தமிழர் வருந்தினர். கடாரத்தின் பெருமை பேசும் உரைகள் பல நிகழ்ந்தன. ஆனால் அவ்வருத்தம் கொண்டோருள் எத்தனை பேர் அச்சண்டி நின்ற இடத்தை அதற்கு முன் அறிந்திருந்தனர் என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. கட்டுப் பிரதியில் ஓவியத்தின் விளிம்பு வெட்டுப்படாமல் காத்த சமூகம், காலடியிலிருந்த செங்கல்லை அறியாமலிருந்தது. இது குற்றச்சாட்டன்று. அச்செங்கல்லைக் காட்டித் தந்திருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமாகிய நாமே.

கற்பித்தலும் காத்தலும்

2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் திரைப்படம் இரு பகுதிகளாக வெளிவந்த பின்னர், இளையோர் இப்புதினத்தை மீண்டும் நாடுகின்றனர். மணியத்தின் ஓவியங்கள் ஒரு தலைமுறைக்குச் செய்ததைத் திரைக்காட்சி அடுத்த தலைமுறைக்குச் செய்கிறது. இந்நிலையில் தமிழாசிரியர்கள் மேற்கொள்ளத்தக்க நெறி இரண்டு உண்டு.

முதலாவது, படத்தை விலக்காமல் அதனிடம் வினாத் தொடுத்தல். மணியத்தின் ஓவியம் ஒன்றை வகுப்பில் வைத்து, இதில் எது சிற்பத்தால் உறுதிப்படுகிறது, எது கல்வெட்டால் உறுதிப்படுகிறது, எது ஓவியரின் உள்ளத்திலிருந்து வந்தது என மாணவரையே பகுக்கச் செய்யலாம். அதே பாடத்தின் மறுபாதியைப் பூஜாங் பள்ளத்தாக்கில் நடத்தலாம். தூண் தாங்கிய கல்லைக் காட்டி, அதன் மீது நின்ற மரக்கட்டடத்தை மாணவர் தாமே வரையட்டும். கிடைத்த சான்றிலிருந்து கிடைக்காததை வரைவது எத்துணை அரிது என்பதை அப்போது உணர்வர். மணியத்தின் மீது மதிப்பும் கூடும், ஐயமும் பிறக்கும். வரலாற்றுக் கல்விக்கு இவ்விரண்டும் தேவை.

இரண்டாவது, கட்டுப் பிரதிகளைக் காத்தல். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் லயங்கள் மறைந்துவிட்டன. வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுவன பெயரற்ற பழைய கட்டு நூல்களே. நூலகங்களும் இவற்றை முறையான பதிப்பு அல்ல என்று ஏற்கத் தயங்குகின்றன. இவற்றை நூலாகக் கருதாமல் ஆவணமாகக் கருதிப் பதிவு செய்தல் வேண்டும்; எந்த இதழ்கள் விடுபட்டுள்ளன, எவை கையால் எழுதிச் சேர்க்கப்பட்டன, யார் வீட்டிலிருந்து யார் வீட்டிற்குச் சென்றது என்பனவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். இதற்குப் பெரும் நிதி வேண்டுவதில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்துப் பழைய குடும்பங்களைக் கேட்டறிந்தாலே தொடக்கம் அமைந்துவிடும்.

முடிவுரை

திகாம் பத்துப் பிரதியைத் தந்து உதவிய பெரியவர், அதனைப் பல்கலைக்கழகத்திற்கு அளிக்க இன்னும் இசையவில்லை. பேரப்பிள்ளைகள் படம் பார்க்கக் கேட்பார்கள் என்பது அவர் கூறிய காரணம். அதனை மறுக்க இக்கட்டுரையாளரிடம் விடை இல்லை. நூல் ஒன்று ஆவணமாவதற்கு முன் நூலாகவே வாழ்வது நன்று. ஆயினும் அவர் இசைவுடன் ஒவ்வொரு பக்கமும் நிழற்படமாக எடுக்கப்பட்டது. அவ்வில்லத்தின் முன்றிலில் நின்று நோக்கினால் வடக்கே குனோங் ஜெராய் மலை தெரிகிறது. அக்குழந்தைகள் படத்தில் காணும் கடாரத்தையும் அம்மலையடிவாரத்துச் செங்கல்லையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கப் பழகுவரேல், கட்டுப் பிரதியும் பிழைக்கும். எஞ்சிய சண்டிகளும் பிழைக்கும்.